ஃபரோக் பல்சாரா டு ஃப்ரெடி மெர்குரி: பெயரை மாற்றியவர் எதையெல்லாம் மாற்றவில்லை?

1985 ஜூலை 13, சனிக்கிழமை. லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த 'லைவ் எய்ட்' கச்சேரி நண்பகலில் தொடங்கி, மாலை ஆகியும் ஓடிக்கொண்டிருக்கிறது. 72,000 பேர் வெயிலில் நின்று களைத்திருந்த நேரம். வெள்ளை பனியன், ஜீன்ஸ், அடர்த்தியான மீசையோடு ஒருவர் மேடைக்கு ஓடி வருகிறார். நேராகப் போய் பியானோ முன்னால் உட்காருகிறார்.

அடுத்த 21 நிமிடங்கள் அந்த ஸ்டேடியம் அவர் சொன்னபடி கேட்டது. அவர் கை தட்டச் சொன்னால் 72,000 பேரும் ஒரே தாளத்தில் தட்டினார்கள். அவர் ஒரு ஸ்வரத்தை இழுத்தால் திரும்ப இழுத்தார்கள். யூடியூபில் இன்னைக்கும் பலர் தேடிப் பார்க்கிற வீடியோ அது. ராக் வரலாற்றின் மிகச் சிறந்த மேடை நிகழ்ச்சி எது என்று எப்போது கருத்துக் கணிப்பு நடந்தாலும், இந்த 21 நிமிடங்கள் முன்வரிசையில் வந்து நிற்கும்.

அவர்தான் 'குயீன்' இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி. பிரிட்டிஷ் ராக் இசையின் முகம். ஆனால், அவருடைய பெற்றோர் குஜராத் பூர்விகம் கொண்ட பார்சிகள். அவர் பியானோ கற்றுக்கொண்டது மகாராஷ்டிராவில் ஒரு ஹாஸ்டலில். இங்கிலாந்துக்கு வந்தபோது அவருக்கு வயது 17, அதுவும் ஒரு கலவரத்துக்குத் தப்பி ஓடி வந்த குடும்பத்தோடு. அன்று கை தட்டியவர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரும் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

ஏன் பேசவில்லை? தன் வேர்களை மறைத்தாரா? இல்லை, வேறு ஏதாவதா? அவருடைய வாழ்க்கையை ஆரம்பத்தில் இருந்து பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

ஜான்சிபாரில் ஒரு பார்சி வீடு

1946 செப்டம்பர் 5. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை ஒட்டிய ஜான்சிபார் தீவில், ஸ்டோன் டவுன் என்ற பழைய நகரத்தில் பிறந்தார் ஃபரோக் பல்சாரா. அப்பா போமி, அம்மா ஜெர். ஆறு ஆண்டுகள் கழித்துத் தங்கை காஷ்மீரா பிறந்தார்.

பார்சிகள் யார் என்று ஒரு சின்ன அறிமுகம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு ஈரானில் இருந்து குஜராத் கடற்கரைக்கு வந்து குடியேறிய ஜொராஸ்ட்ரிய மதத்தினர் இவர்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம், டாடா குடும்பம். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம். 'பல்சாரா' என்ற குடும்பப் பெயரே ஓர் ஊர்ப் பெயர்தான். குஜராத்தின் வல்சாட் நகரத்துக்கு அப்போது பல்சார் என்று பெயர்.

ஜான்சிபார் அன்று பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த சுல்தான் ஆட்சிப் பகுதி. கிராம்புக்குப் பெயர்போன தீவு. வியாபாரத்துக்கும் அரசு வேலைக்கும் இந்தியர்கள் ஏராளமாகப் போயிருந்தார்கள். போமி பிரிட்டிஷ் நிர்வாகத்தில் காசாளர். பெரிய பணக்காரக் குடும்பம் இல்லை. ஆனால், வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வசதி இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரானில் இருந்து குஜராத், குஜராத்தில் இருந்து ஆப்பிரிக்கா. ஃபரோக் பிறப்பதற்கு முன்பே அந்தக் குடும்பம் இரண்டு முறை ஊர் மாறியிருந்தது.

8 வயதில் பஞ்ச்கனி

பையனுக்கு நல்ல இங்கிலீஷ் படிப்பு கிடைக்க வேண்டும். எல்லா நடுத்தர வர்க்க அப்பா அம்மாவுக்கும் இருக்கிற அதே கவலைதான். எட்டு வயது ஃபரோக்கைக் கப்பலேற்றி பம்பாய்க்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பஞ்ச்கனி. மகாபலேஷ்வருக்குப் பக்கத்தில் இருக்கும் மலை ஊர். நம்ம ஊட்டி, கொடைக்கானல் போலவே அங்கும் வெள்ளைக்காரர்கள் காலத்து போர்டிங் பள்ளிகள் அதிகம். அதில் ஒன்றான செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் சேர்ந்தான் சிறுவன்.

நினைத்தால் ஊருக்குப் போய்விட முடியாது. நடுவில் அரபிக்கடல் இருக்கிறது. பல விடுமுறைகள் பம்பாயில் இருந்த உறவினர் வீட்டில்தான் கழிந்தன. எட்டு வயதுக் குழந்தை தனியாகத் தன்னைப் பார்த்துக்கொள்ளப் பழகியது அங்கேதான்.

அவனுக்கு இன்னொரு பிரச்னையும் இருந்தது. மேல்தாடையில் கூடுதலாக நான்கு பற்கள். அவை முன்பற்களை வெளியே தள்ளின. ஹாஸ்டல் பசங்க சும்மா விடுவார்களா? பல்லை வைத்தே 'பக்கி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சிரிக்கும்போது உதட்டாலோ கையாலோ வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. பின்னாளில் கோடிக்கணக்கில் சம்பாதித்த பிறகும் அந்தப் பற்களை அவர் சரிசெய்யவில்லை. தொட்டால் குரல் மாறிவிடுமோ என்ற பயம்!

பள்ளியில் பியானோ வகுப்பு இருந்தது. ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், பியானோவில் வாசித்துவிடும் திறமை பையனிடம் இருந்தது. ஓவியம், டேபிள் டென்னிஸ், பாக்ஸிங் என எல்லாவற்றிலும் கலந்துகொண்டான். 12 வயது வாக்கில் நண்பர்களோடு சேர்ந்து 'தி ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு. அப்போது பிரபலமாக இருந்த கிளிஃப் ரிச்சர்டு, லிட்டில் ரிச்சர்டு பாடல்களைப் பள்ளி விழாக்களில் வாசித்தார்கள். அந்தக் குழுவில் ஃபரோக் பியானோ வாசித்த பையன். முன்னால் நின்று பாடியது வேறொரு நண்பன்!

'ஃப்ரெடி' என்ற பெயர் வந்ததும் இங்கேதான். ஃபரோக் என்பதை நண்பர்களும் ஆசிரியர்களும் இப்படிச் சுருக்கிக் கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, 'ஃப்ரெடி' லண்டனில் வைத்துக்கொண்ட ஸ்டைலான பெயர் இல்லை. மகாராஷ்டிராவின் ஒரு மலை ஊரில் கிடைத்த ஹாஸ்டல் பெயர்.

1964: ஒரே மாதத்தில் மாறிய வாழ்க்கை

படிப்பு முடிந்து 1963ல் ஜான்சிபார் திரும்பினார் ஃப்ரெடி. அந்த டிசம்பரில் தீவுக்குச் சுதந்திரம் கிடைத்தது. ஒரே மாதம். 1964 ஜனவரி 12 அன்று சுல்தான் ஆட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. அரபு வம்சாவளியினர், தெற்காசியர்கள் எனப் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.

பிரிட்டிஷ் நிர்வாகத்தில் வேலை பார்த்த இந்தியக் குடும்பத்துக்கு இனி அங்கே இடமில்லை. பல்சாரா குடும்பம் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பியது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்ததால் போய்ச் சேர்ந்த இடம் இங்கிலாந்து.

லண்டனுக்கு மேற்கே ஃபெல்தம் என்ற புறநகர்ப் பகுதி. ஹீத்ரூ விமான நிலையத்துக்குப் பக்கம். தலைக்கு மேலே விமானம் போய்க்கொண்டே இருக்கும். அங்கே ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். ஜான்சிபாரில் வேலையாள் வைத்திருந்த குடும்பம், இங்கே முதலில் இருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டியிருந்தது. அப்பாவும் வேலைக்குப் போனார், அம்மாவும் போனார். விடுமுறையில் ஃப்ரெடியும் ஹீத்ரூவில் சரக்கு தூக்கும் வேலை பார்த்தார்.

வக்கீல், அக்கவுன்டன்ட் மாதிரி ஏதாவது ஆக வேண்டும் என்பது வீட்டின் எதிர்பார்ப்பு. இது எந்த ஊர்க் கதை என்று நாம் சொல்லத் தேவையில்லை! ஆனால், பையன் தேர்ந்தெடுத்தது ஓவியம். ஈலிங் கலைக் கல்லூரியில் சேர்ந்து 1969ல் கிராஃபிக் டிசைனில் டிப்ளமோ முடித்தார்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ்தான் அவருக்கு அப்போது எல்லாம். கறுப்பின அமெரிக்கர் ஒருவர் லண்டனுக்கு வந்து, கிடார் உலகத்தையே தலைகீழாகப் புரட்டிப்போட்ட நேரம் அது. ஹென்ட்ரிக்ஸை விதவிதமாக வரைந்து சுவரில் ஒட்டினார் ஃப்ரெடி.

அந்தக் காலத்து இங்கிலாந்து எப்படி இருந்தது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் பெயரை மாற்றியதைப் புரிந்துகொள்வது கஷ்டம்.

1968ல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டு வந்தது. கென்யாவில் இருந்து வெளியேறிக்கொண்டிருந்த இந்திய வம்சாவளியினரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தாலும், பெரும்பாலானோர் இஷ்டப்படி உள்ளே வர முடியாது என்றது அந்தச் சட்டம். பல்சாரா குடும்பம் நான்கே ஆண்டுகள் முன்னதாக வந்ததால் தப்பித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஈனாக் பவல் என்ற எம்.பி., குடியேறிகளால் நாடே அழியப்போகிறது என்ற தொனியில் ஒரு பேச்சுப் பேசினார். கட்சித் தலைமை அவரைப் பொறுப்பில் இருந்து நீக்கியது. அவருக்கு ஆதரவாகத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். தெற்காசிய முகம் கொண்ட ஆட்கள் தெருவில் அடி வாங்குவது சகஜமாக இருந்த காலம்.

அந்த ஊரில்தான் 'பல்சாரா' என்ற பெயரோடு ஒருவர் ராக் பாடகராக நினைத்தார். அதற்கு முன்மாதிரி என்று யாராவது இருந்தார்களா? இருந்தார்கள். ஹெக்டிக்ஸ் பசங்க பாட்டைக் காப்பியடித்த கிளிஃப் ரிச்சர்டு பிறந்தது லக்னோவில்தான். ஆனால், அவர் ஆங்கிலேய வம்சாவளி. பெயரும் முகமும் அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

பழைய துணிக்கடையில் இருந்து குயீன்

கல்லூரியில் ஃப்ரெடியோடு படித்த டிம் ஸ்டாஃபெல், 'ஸ்மைல்' என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தார். அதில் கிடார் வாசித்தவர் பிரையன் மே. இயற்பியல் படித்தவர், பிற்காலத்தில் வானியற்பியலில் டாக்டர் பட்டமே வாங்கியவர். டிரம்ஸ் ரோஜர் டெய்லர். ஸ்மைல் குழுவின் தீவிர ரசிகர் ஃப்ரெடி. இப்படி வாசியுங்கள், இப்படி உடுத்துங்கள் என்று அவர்களுக்கு ஓயாமல் யோசனை சொல்வார்.

கையில் காசில்லாத நாட்கள். கென்சிங்டன் மார்க்கெட்டில் ஃப்ரெடியும் ரோஜரும் பழைய துணிகள் விற்கும் ஸ்டால் போட்டார்கள். இடையில் வேறு சில குழுக்களில் ஃப்ரெடி பாடிப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

1970ல் ஸ்டாஃபெல் விலகினார். அந்த இடத்துக்கு ஃப்ரெடி வந்தார். வந்த உடனே இரண்டு மாற்றங்கள். குழுவின் பெயர் 'குயீன்' என்றார். மற்றவர்களுக்குத் தயக்கம். அந்தப் பெயருக்கு இருந்த இரட்டை அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். ஃப்ரெடி விடவில்லை. அதே சமயத்தில்தான் 'பல்சாரா' போய் 'மெர்குரி' வந்தது. 1971ல் பேஸ் கிடார் வாசிக்க ஜான் டீக்கன் சேர்ந்ததும் குழு முழுமையானது.

கிராஃபிக் டிசைன் படிப்பு வீண்போகவில்லை. குயீன் சின்னத்தை வரைந்தவர் ஃப்ரெடிதான். நான்கு பேரின் ராசிகள் அதில் இருக்கும். சிம்ம ராசிக்காரர்கள் இருவருக்கு இரண்டு சிங்கங்கள், பிரையனுக்கு நண்டு, கன்னி ராசியான தனக்கு இரண்டு தேவதைகள். எல்லாவற்றுக்கும் மேலே சிறகு விரித்த ஃபீனிக்ஸ் பறவை.

ஆறு நிமிடப் பாட்டு

முதல் ஆல்பம் 1973ல் வந்தது. 1974ல் 'கில்லர் குயீன்' பிரிட்டனில் 2ம் இடம் வரை போனது. ஆனால், உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது 1975 அக்டோபர் 31 அன்று வெளியான 'போஹிமியன் ராப்சடி'.

ரேடியோவில் ஒரு பாட்டு என்றால் சுமார் மூன்று நிமிடம் என்பது வழக்கமாக இருந்த காலம். இது கிட்டத்தட்ட ஆறு நிமிடம். பல்லவி கிடையாது. மெதுவான பியானோவில் தொடங்கும். நடுவில் திடீரென்று ஓபெரா. பிறகு காதைக் கிழிக்கும் ராக். கடைசியில் மறுபடியும் அமைதி. மொத்த அமைப்பும் ஃப்ரெடியின் மண்டைக்குள்தான் இருந்தது. அவர் வந்து இந்த இடத்தில் இது வரும் என்று சொல்லச் சொல்ல மற்றவர்கள் பாடினார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத நாட்கள். மூன்றே பேர் மாற்றி மாற்றிப் பாடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்து, ஒரு பெரிய கோரஸ் பாடுவது போல உருவாக்கினார்கள். ஓபெரா பகுதிக்கு மட்டும் சுமார் மூன்று வாரம் ஆனது. திரும்பத் திரும்ப ஓட்டியதில் ஒலிநாடா தேய்ந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்துவிட்டது.

இவ்வளவு நீளமான பாட்டை வெளியிட ரெக்கார்டு கம்பெனிக்குப் பயம். கென்னி எவரெட் என்ற ரேடியோ தொகுப்பாளர் ஒரே வார இறுதியில் 14 முறை போட்டார். கேட்டவர்கள் கடைகளுக்குப் படையெடுத்தார்கள். தொடர்ந்து ஒன்பது வாரம் பிரிட்டனில் முதலிடம்.

ஒரு சுவாரஸ்யம்: 2023ல் ஃப்ரெடியின் உடைமைகள் லண்டனில் ஏலம் விடப்பட்டன. அதில் இந்தப் பாட்டின் கையெழுத்துப் பிரதியும் இருந்தது. ஒரு விமான நிறுவனத்தின் காலண்டர் தாளில் எழுதியிருக்கிறார். முதலில் 'மங்கோலியன் ராப்சடி' என்று எழுதி, 'மங்கோலியன்' என்பதை அடித்துவிட்டு 'போஹிமியன்' என்று மாற்றியிருக்கிறார். பெயர்களை மாற்றிப் பார்ப்பது அவருக்குப் புதிதில்லையே!

மேடையில் ஒருவர், வீட்டில் ஒருவர்

வீட்டில் ஃப்ரெடி கூச்ச சுபாவம் உள்ளவர். தெரியாதவர்களிடம் அதிகம் பேச மாட்டார். பேட்டி என்றாலே ஆகாது. பூனைகள் என்றால் உயிர். மேடை ஏறினால் வேறு ஆள். ஆரம்ப காலத்தில் ஒரு நிகழ்ச்சியில் மைக் ஸ்டாண்டின் அடிப்பாகம் கழன்றுவிட, பாதிக் கம்போடு ஆடியபடியே பாடி முடித்தார். அந்தப் பாதி ஸ்டாண்டே பிறகு அவருடைய அடையாளம் ஆனது.

கூட்டத்தைப் பார்வையாளர்களாக அவர் விட்டுவைத்ததில்லை. பாட வைப்பார், தட்ட வைப்பார். 1981ல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒரே இரவில் 1,30,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். போர்ச்சுகீசு பேசும் அந்தக் கூட்டம் ஆங்கிலப் பாடல்களை முழுசாகத் திருப்பிப் பாடியது.

எல்லாமே வெற்றிக் கதை இல்லை. 1984ல் குயீன் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் கச்சேரி நடத்தியது. நிறவெறி ஆட்சிக்கு எதிராக ஐ.நா. கலாசாரப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்திருந்த காலம். பிரிட்டன் இசைக் கலைஞர்கள் சங்கம் அபராதம் விதித்தது, கடும் விமர்சனம் எழுந்தது. இசைக்கு அரசியல் இல்லை என்பது குழுவின் வாதம். ஆனால், இன வெறுப்பால் ஊரை விட்டு ஓடி வந்த குடும்பத்துப் பிள்ளை அந்த மேடையில் பாடினார் என்பது இன்றும் உறுத்தலான விஷயம்தான். அடுத்த ஆண்டு லைவ் எய்டுக்கு வந்தபோது குயீனின் மவுசு குறைந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தானோ என்னவோ, அந்த 21 நிமிடங்களுக்கு அவர்கள் தியேட்டர் எடுத்து நிமிடக் கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். தற்செயலாக நடந்தது போலத் தெரிகிற அந்த மேஜிக் முழுக்க உழைப்பு.

மேரி, ஜிம், கார்டன் லாட்ஜ்

1970களின் தொடக்கத்தில் மேரி ஆஸ்டின் என்ற பெண்ணைக் காதலித்தார் ஃப்ரெடி. திருமணம் நிச்சயமானது. 1976 வாக்கில் தன் பாலினத் தேர்வு பற்றி மேரியிடம் மனம் திறந்தார். காதல் முடிந்தது, உறவு முடியவில்லை. கடைசி வரை அவருடைய நெருங்கிய தோழி மேரிதான்.

பின்னாட்களில் அவரோடு வாழ்ந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த முடிதிருத்தும் கலைஞர் ஜிம் ஹட்டன். கென்சிங்டனில் 'கார்டன் லாட்ஜ்' என்ற வீட்டில், உயரமான மதில்களுக்குள் அவர்களுடைய வாழ்க்கை ஓடியது. இங்கிலாந்தில் ஓரினச்சேர்க்கை 1967லேயே குற்றப் பட்டியலில் இருந்து பெருமளவு நீக்கப்பட்டுவிட்டது. ஆனால், சமூகம் சட்டத்தோடு சேர்ந்து மாறவில்லை. ஃப்ரெடி இதைப் பற்றி வெளிப்படையாக அறிவித்ததும் இல்லை, கஷ்டப்பட்டு மறைத்ததும் இல்லை.

கடைசி நான்கு ஆண்டுகள்

1986 ஆகஸ்ட் 9, நெப்வொர்த். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடிய கச்சேரி. அதுதான் ஃப்ரெடி குயீனோடு ஏறிய கடைசி மேடை என்று அன்று யாருக்கும் தெரியாது.

1987ல் எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. அப்போது அது மரண தண்டனைக்குச் சமம். நோய்க்கு மருந்து இல்லை, நோயாளிக்கு மரியாதையும் இல்லை. பிரிட்டிஷ் நாளிதழ்கள் சில, ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு வந்த சாபம் என்கிற தொனியில் எழுதிக்கொண்டிருந்தன. ஃப்ரெடி மெலிய மெலிய, கார்டன் லாட்ஜ் வாசலில் கேமராக்கள் அதிகமாகின.

அவர் செய்தது ஒன்றுதான். பாடினார். ஸ்பெயினின் ஓபெரா பாடகி மோன்செராட் கபாயேவோடு சேர்ந்து 'பார்சிலோனா' ஆல்பத்தை 1988ல் வெளியிட்டார். குயீனின் 'இன்யூவெண்டோ' 1991 பிப்ரவரியில் வந்தது. அதன் பிறகும் ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்ரூ ஸ்டூடியோவில், நிற்கத் தெம்பு இருந்த நாட்களில் எல்லாம் குரலைப் பதிவு செய்தார். மீதியைப் பிறகு நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. அந்தப் பதிவுகளையும் வைத்து உருவான ஆல்பம், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1995ல் வெளியானது.

1991 நவம்பர் 23 அன்று, தனக்கு எய்ட்ஸ் இருப்பதை அறிக்கை மூலம் உறுதி செய்தார். மறுநாள் மாலை உயிர் பிரிந்தது. வயது 45.

முன்பே சொல்லியிருக்கலாமே என்ற விமர்சனம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இரண்டு வாரம் முன்புதான் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதாக அறிவித்திருந்தார். ஃப்ரெடி மாதிரி ஒருவர் பேசியிருந்தால் எத்தனையோ பேருக்குத் தைரியம் கிடைத்திருக்கும். நியாயமான வாதம்தான். அதே சமயம், வாசலில் கேமராக்கள் காத்திருக்க, படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குத் தன் நோயைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமை இல்லையா என்ற கேள்வியும் நியாயமானதே.

இன்னொரு சோகம், நேரம். நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996ல் பரவலானது. ஐந்து ஆண்டுகள் தாண்டியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

படத்தில் பார்த்தது எல்லாம் உண்மையா?

2018ல் வந்த 'போஹிமியன் ராப்சடி' படத்தில் ஃப்ரெடியாக நடித்து ஆஸ்கர் வாங்கினார் ரமி மாலிக். அவரும் எகிப்தில் இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோரின் மகன். ஆனால், படத்தை வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

* லைவ் எய்டுக்கு முன்பே ஃப்ரெடி தன் நோயைக் குழுவிடம் சொல்வதாகப் படம் காட்டும். நோய் உறுதியானது 1987ல், கச்சேரிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

* லைவ் எய்டுக்கு முன் குழு பிரிந்துகிடந்ததாகக் கதை வரும். உண்மையில் 1984ல் ஆல்பம் வெளியிட்டு, 1985 மே மாதம் வரை சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள்.

* பாடகர் விலகிய அதே இரவில் ஃப்ரெடி வந்து அறிமுகம் ஆவார். நிஜத்தில் அவர்கள் முன்பே நண்பர்கள்.

சரி, அவர் தன் வேர்களை மறைத்தாரா?

பேட்டிகளில் ஜான்சிபார், பஞ்ச்கனி பற்றிக் கேட்டால் சுருக்கமாக முடித்துக்கொள்வார். மேடையில் இந்தியர் என்ற அடையாளத்தை அவர் காட்டியதே இல்லை. அதனால் அவரைக் குறை சொல்லும் தெற்காசிய ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர் வாயைத் திறந்து பெருமையாகச் சொல்லியிருந்தால், 70களில் பிரிட்டனில் வளர்ந்த எத்தனையோ இந்தியப் பிள்ளைகளுக்கு அது பெரிய பலமாக இருந்திருக்கும். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், அவர் விட்டுக்கொடுக்காதவற்றையும் பார்க்க வேண்டும். பெற்றோரோடு உறவு அறுந்ததில்லை. உலகப் புகழ் வந்த பிறகும் அவர்கள் அதே ஃபெல்தம் வீட்டில் இருந்தார்கள், இவர் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தார். உயிலில் தன் சொத்தின் பாதியையும் வீட்டையும் மேரிக்கு எழுதினார். மீதிப் பாதி அப்பா, அம்மா, தங்கைக்கு. 1991 நவம்பர் 27 அன்று லண்டனில் இறுதிச் சடங்கு. உலகமே கொண்டாடிய ராக் பாடகருக்கு, ஜொராஸ்ட்ரியப் புரோகிதர்கள் தங்கள் பழமையான மொழியில் பிரார்த்தனை செய்து வழியனுப்பினார்கள். கடைசி நாளில் ஃபரோக் பல்சாரா குடும்ப முறைப்படிதான் போனார்.

இது முரண்பாடா? வேலைக்காகப் பெயரைச் சுருக்கிக்கொண்ட யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு கிளையன்ட் காலில் ஒரு பெயர், காபி கடையில் கப்பில் எழுதச் சொல்லும் ஒரு பெயர், வீட்டில் அம்மா கூப்பிடும் ஒரு பெயர். மூன்றுமே அந்த ஆள்தானே. எல்லாப் பெயரையும் எல்லா இடத்திலும் சுமக்க முடிகிற வசதி எல்லோருக்கும், எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை. 1970 லண்டனில் ஃப்ரெடிக்கு அது கிடைக்கவில்லை. மெர்குரி என்ற பெயர் அவருக்கு ஒரு கதவைத் திறந்து கொடுத்தது. அதற்காக அவர் கொடுத்த விலை, தன் பாதிக் கதையைச் சொல்லாமல் விட்டது.

அந்தப் பாதியை அவருக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1992 ஏப்ரல் 20 அன்று அதே வெம்ப்ளியில் அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. அதன் வழியே உருவான மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை இன்றும் எய்ட்ஸுக்கு எதிரான பணிகளுக்கு நிதி தருகிறது. ஜான்சிபாரில் மட்டும் இன்னும் இழுபறி. 2006ல் அங்கே அவருடைய 60வது பிறந்தநாளைக் கொண்டாட நினைத்தபோது, அவருடைய பாலினத் தேர்வைக் காரணம் காட்டி எதிர்ப்பு வந்தது. ஆனாலும் 2019ல் ஸ்டோன் டவுனிலேயே அவருக்காக ஒரு சிறிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

2016 செப்டம்பரில் ஃபெல்தம் வீட்டின் சுவரில் நீல நிற நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அதைத் திறந்து வைத்தவர் தங்கை காஷ்மீரா. பலகையில் முதலில் ஃப்ரெடி மெர்குரி என்று இருக்கும். அதற்குக் கீழே ஃபிரெட் பல்சாரா என்றும் இருக்கும். ஒருகாலத்தில் அவர் மேடைக்கு எடுத்துச் செல்லாத பெயர், இப்போது லண்டன் தெருவில் போவோர் வருவோர் எல்லோரும் பார்க்கும்படி நிற்கிறது.